செம்பருத்திக்குப் பின்னால் போன பொம்மி

ஒத்தவேம்பூரில் முதன்முதலாக அவுட்டாகிப் போனது ஒரு கொடிக்கயிறு. கயிறு என்றால் வெறும் கயிறில்லை, அதில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு பாவாடை, ஒரு துண்டு, கிளிப்பு எல்லாவற்றோடும் சேர்த்துத்தான். பாண்டிமீனா தன் வீட்டுப் பின்பக்கம் பூத்திருந்த ரோசாவை மேக்ரோ லென்ஸ் போட்டு எடுத்தாள். ரோசாவின் நடு இதழ் நரம்பு நரம்பாகத் தெரிந்தது, பின்னால் இருந்த கயிறும் துணியும் வெண்ணெய் உருகின மாதிரி வழுவழுவென்று கரைந்து கிடந்தன, நல்ல படம்தான் என்று நிமிர்ந்து பார்த்தால் கண்ணெதிரிலும் அவை அப்படியே கரைந்து கிடந்தன. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள், பிறகு அந்தக் கரைசலுக்குள் கையை விட்டுத் துழாவி, விளிம்பு தெரியாத பாவாடைகளை எப்படியோ மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள், ஏனென்றால் அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. ரோசா உதிர்ந்த அன்று பெட்டியைத் திறந்தால் பாவாடை இருந்த இடத்தில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது.

கேமராவைக் கொடுத்தவன் அவள் கொழுந்தன் வீரபத்திரன். டவுனில் கல்யாணப் போட்டோ எடுக்கிறவன், தாலியையும் மோதிரத்தையும் மருதாணிக் கையையும் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ் ஒன்று அவனிடம் பழசாகிக் கிடந்தது. நர்சரிக்காரர் ஒருவர் செடிப் பைகளில் ஒட்டப் பூப்படம் கேட்டபோது, "நமக்கு ஆகாது அண்ணி, பூ ஆடிக்கிட்டே இருக்கு. மாப்பிள்ளையா இருந்தா அசையாதன்னு சொல்லலாம்" என்று எல்லாவற்றையும் அண்ணி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஒத்தவேம்பூர் பூ விளைகிற ஊர், ஆனால் பூவைப் பார்க்காத ஊர். மல்லியோ முல்லையோ, மொட்டாக இருக்கும்போதே கிள்ளி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், செடியிலேயே மலர்ந்துவிட்டால் அது நட்டம், மலர்ந்த பூவைக் கண்டால் ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கூடையில் கொட்டின மொட்டுக்குத் தண்ணீர் தெளிப்பதுதான் அங்கே பெண்பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்கிற வேலை, அதனால் எந்தப் பூவைப் பார்த்தாலும் அவர்கள் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட ஊரில், மலர்ந்த பூவுக்கு முன்னால் முட்டி போட்டு மூச்சை அடக்கிக் கிடக்கிற ஒரே ஆள் பாண்டிமீனாதான்.

அவளும் பட்டுப் பட்டுத்தான் கற்றாள். பூவை நெருங்க நெருங்க லென்ஸுக்குப் பார்வை சுருங்கும், நகத்தின் தடிமன் அளவுக்குத்தான் தெளிவு விழும், அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ், ஊர்ப் பேச்சில் அவுட். மகரந்தத்தைப் பிடித்தால் இதழ் நழுவும், இதழைப் பிடித்தால் மகரந்தம் நழுவும், ரெண்டையும் பிடிக்கலாம் என்று எஃப் நம்பரை ஏற்றி லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண்ணாகச் சுருக்கினால் வெளிச்சம் போதாது, வெளிச்சத்துக்காகக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால் எங்கோ ஓர் ஆடு தும்மின காற்றுக்குப் பூ ஆடிப்போகும்.

கொடிக்கயிறு போன சங்கதி தெரிந்ததும் ஊர் பயப்படவில்லை, யோசித்தது. முதலில் வந்தவள் மூக்கோரத்தில் மரு உள்ளவள். ஒரு சாமந்திக்குப் பின்னால் அந்த மருவை மட்டும் நிறுத்தி எடுக்கச் சொன்னாள், சாமந்தி உதிர்ந்ததும் மருவும் போனது, அவள் சொந்தக்காரிகள் வரிசையில் நின்றார்கள். எல்லைக் கல்லுக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர் அந்தக் கல்லையே அவுட்டாக்கிவிட்டு ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வீட்டில் காரை பெயர்ந்த சுவரை மழுப்பச் சொன்னார்கள், பூ உதிர்ந்த அன்று சுவரே இல்லை, வீட்டுக்குள் நல்ல காற்று வருகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். ஊர்க் குப்பைமேட்டைக்கூடச் செவ்வந்திக்குப் பின்னால் நிறுத்திக் கரைத்தார்கள். குப்பை போனது, நாற்றம் போகவில்லை, அப்போதுதான் தெரிந்தது, உருவம்தான் கரையும், சத்தமும் வாசனையும் அங்கேயே நிற்கும் என்று.

அதற்குப் பிறகுதான் அங்கம்மாளின் ஆடு போனது. அங்கம்மா பாண்டிமீனாவின் புருசன் ராசாங்கத்துக்கு அக்கா, அடுத்த வீடு, வாய் நீளம். அவளுடைய கறவை ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு ரோசாவுக்குப் பின்னால் வந்து நின்ற நேரம் பார்த்துக் கேமரா சொடுக்கியது. ரோசா உதிர்கிற வரைக்கும் அது பழுப்புக் கறையாகக் காற்றில் மேய்ந்தது, தடவித் தடவிப் பால்கூடக் கறந்தாள் அங்கம்மா. உதிர்ந்த பிறகு மணிச்சத்தம் மட்டும் மிச்சம். இன்றைக்கும் அகத்திக் குழையைக் கட்டித் தொங்கவிட்டால் இலை ஒவ்வொன்றாகக் குறையும்.

"போட்டோ புடிக்கிறாளாம் போட்டோ. ஏன்டி, அடுத்தவ வீட்டு ஆட்டத்தான் புடிச்சுத் திம்பியா?" என்று அங்கம்மா கேட்காத நாளில்லை. "வேணும்னா எடுத்தேன் மதினி?" என்று பாண்டிமீனாவும் சொல்லாத நாளில்லை.

ஆட்டுக்குப் பிறகு ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. படம் எடுக்கிறபோது பூவுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிட வேண்டும், அவுட்டானால் வேட்டியோடு போகட்டும். அதோடு, தப்பிப் போனதை மீட்பது எப்படி என்பதையும் ஊர் ஒரு பைக் சாவியை வைத்துக் கண்டுபிடித்திருந்தது. எந்தப் பூவுக்குப் பின்னால் போனதோ அதே பூவோடு, அந்தப் பூ வாடுவதற்குள், அதே நெருக்கத்தில் இருந்து, பூவும் கூர்மையாக, போனதும் கூர்மையாக, ஒரே படத்தில் விழ வேண்டும். தள்ளி நின்று எடுத்தால் செல்லாது, செல்போனில் எடுத்தால் செல்லவே செல்லாது. சாவி சின்னது, பூவோடு ஒட்டிப் பிடித்து நகத்தளவுத் தெளிவுக்குள் அடக்கிவிட்டார்கள். ஆட்டை எந்த நகத்துக்குள் அடக்குவது?

அன்றைக்குக் காலையில் குளிக்கிற தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம் செம்பருத்தி ஒன்று பூத்திருந்தது, கைவிரித்த மாதிரி, நடுவில் மகரந்தத் தண்டை நீட்டிக்கொண்டு. வீட்டிலிருந்த ஒரே வெள்ளை வேட்டி ராசாங்கத்தின் இடுப்பில் இருந்தது, அவன் பக்கத்து ஊர்க் காதுகுத்துக்குப் போயிருந்தான். பின்னால் யாருமில்லை, தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தள்ளி இருந்தது, நேர் பின்னால் வெறும் களம்தான், மகள் பொம்மி வாசல் பக்கம் கோழிக்குஞ்சோடு விளையாடிக்கொண்டிருந்தாள், இப்போதுதான் அவளைக் குளிப்பாட்டி இடது கன்னத்தில் மைப்பொட்டு வைத்து விட்டிருந்தாள். ஒரே ஒரு படம்தானே என்று பாண்டிமீனா மண் மூட்டைமேல் கேமராவைச் சாய்த்தாள். அவள் பொத்தானை அழுத்துவதற்கும், குஞ்சு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவதற்கும், குஞ்சைத் துரத்திக்கொண்டு பொம்மி வருவதற்கும் சரியாக இருந்தது.

படத்தில் மகரந்தம் மணி மணியாக நின்றது. பின்னால் ஒரு பச்சைக் கரைசல், பொம்மியின் கவுனுக்கு அதுதான் நிறம், அதன் காலடியில் ஒரு சின்ன மஞ்சள் கரைசல்.

"அம்மா" என்றது பச்சைக் கரைசல். "குஞ்சு ஓடுது, புடிம்மா."

பாண்டிமீனா கத்தவில்லை. கத்தினால் பிள்ளை பயந்து ஓடும், ஓடினால் எங்கே என்று தேடுவது? அவள் மெல்லப் போய்க் கைநீட்டிக் கரைசலை அணைத்தாள். சூடு இருந்தது, பவுடர் வாசனை இருந்தது, கொலுசுச் சத்தம் இருந்தது, ஆனால் பிள்ளை எங்கே முடிகிறாள், காற்று எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை. கன்னம் என்று முத்தம் கொடுத்தது பின்னந்தலையாக இருந்தது.

செம்பருத்திக்கு ஒரு பகல்தான் ஆயுசு. பொழுது சாயும்போது குடையை மடக்கின மாதிரி சுருட்டிக்கொள்ளும், சுருட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அதன் பிறகு அவளுக்கு மிஞ்சப்போவது ஒரு கொலுசுச் சத்தமும் ஓர் 'அம்மா'வும்தான், அதைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாது, அதற்குத் தலை சீவ முடியாது, அதற்குச் சோறு ஊட்டினால் சோறு மட்டும் குறையும்.

ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அங்கம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள், ஒரு மூச்சில் கூப்பாடு போட்டாள், ஊர் வந்து சேர்ந்தது. யாரும் 'இதெப்படி?' என்று கேட்கவில்லை, 'என்ன வேணும்?' என்று கேட்டார்கள்.

"காத்து வரக்கூடாது" என்றாள் பாண்டிமீனா. "வெளிச்சம் வேணும்."

காற்று வருகிற பக்கமெல்லாம் தார்ப்பாயும் சேலையும் பிடித்து ஆட்கள் வேலியாக நின்றார்கள், நெல் காயப்போடுகிற படுதாக்கள் வந்தன, மாவு மில்லை நிறுத்தினார்கள், தரை அதிரக் கூடாதென்று பஸ்ஸை ரோட்டு முக்கிலேயே மறித்துப் போட்டார்கள், பஸ்ஸிலிருந்தவர்களும் இறங்கி வந்து சேலை பிடித்தார்கள். தாம்பாளம், பூசைத் தட்டு, பிரியாணி அண்டாவின் மூடி, சலூன் கண்ணாடி, எது மின்னுமோ அதெல்லாம் வந்து வெயிலைத் திருப்பிச் செம்பருத்தி மேல் ஊற்றியது. அந்தப் பூ தன் பிறப்பிலேயே அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டிருக்காது. ராசாங்கம் காதுகுத்து வீட்டிலிருந்து பந்தியில் பாதி எழுந்து சாம்பார்க் கையோடு ஓடி வந்தான்.

"எங்க எம்புள்ள?"

"இங்கதாம்ப்பா இருக்கேன்" என்றது கரைசல். "அப்பாவுக்குக் கண்ணு தெரியல!" என்று சிரித்தது. அவன் சிரிப்பு வந்த பக்கம் சாம்பார்க் கையை நீட்டியபடி தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டான்.

பாண்டிமீனா எஃப் நம்பரை ஏறுகிற வரைக்கும் ஏற்றினாள். துவாரம் ஊசிக்கண்ணாகச் சுருங்கியது. பொம்மியைப் பூவோடு ஒட்டி நிறுத்தி, ஊர் மூச்சடக்க, தான் மூச்சடக்கிப் பொத்தானை அழுத்தினாள். மகரந்தம் கூர்மை, ஐந்து இதழும் கூர்மை, கரைசலில் மூக்கு நுனி ஒன்று மட்டும் தெளிந்து, "வருது, வருது!" என்று ஊர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு மூக்காக மட்டும் காற்றில் நின்றது. அதற்குமேல் லென்ஸிடம் ஒன்றுமில்லை. பொம்மி முழுசாக ஒரு நகத்துக்குள் அடங்க மாட்டாள்.

வீரபத்திரன் போனில் வந்தான். அவன் ஒரு கல்யாண வீட்டில் நின்றுகொண்டு, நாதஸ்வரத்துக்கு மேலே கத்தினான். "அண்ணி, ஒரே படத்துல வராது. முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஃபோகஸை நகத்தி வரிசையா எடுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுக்கறேன்!"

பூவில் தொடங்கி எடுத்தாள். மகரந்தம் தெளிந்தது. அடுத்ததில் இதழின் பின்விளிம்பு. அடுத்ததில் பொம்மியின் கை வந்தது, ஐந்து விரலும் மணிக்கட்டுக் கயிறும், ஊர் ஆரவாரம் செய்தது, அதற்கடுத்ததில் தோள் வந்தது, ஆனால் கை போய்விட்டது, மூக்கும் போய்விட்டது. உலகம் ஒட்டுவேலையை ஏற்காது, கடைசியாக எடுத்தது எதுவோ அதையே நம்பும். அதைவிட மோசம், ஃபோகஸ் பிள்ளைக்கு நகர நகரப் பூ அவுட்டாகத் தொடங்கியது. செம்பருத்தியின் ஓர் இதழ் வெந்த கீரை மாதிரி தொய்ந்தது.

"நிறுத்துடி!" என்றான் ராசாங்கம். "பூ போச்சுன்னா எல்லாம் போச்சு!"

நிறுத்தினாள். பூவுக்கே ஃபோகஸைத் திருப்பி ஒரு படம் எடுத்து இதழை நிமிர்த்தினாள், அதனோடு தோளும் கரைந்தது. வெயில் அண்டா மூடியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது, மூடியைப் பிடித்திருந்தவர் அதைத் துரத்திக்கொண்டு வேலி மேல் ஏறினார். இதழ்களின் ஓரம் லேசாக உள்வாங்கியதை வேறு யாரும் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். காலையிலிருந்து அந்தப் பூவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

"அம்மா, பசிக்குது" என்றது கரைசல்.

அங்கம்மா எழுந்தாள். ஆட்டைப் பறிகொடுத்தவள், காலையிலிருந்து ஒரு வார்த்தை குத்திப் பேசாதவள், ஒரு தம்ளரில் பால் எடுத்துவந்து கரைசலுக்குள் நீட்டினாள், பால் குறைந்தது. திரும்பும்போது அவள் கண்ணில் வாடத் தொடங்கிய பூ பட்டது. வாடுகிற பூவைக் கண்டால் ஒத்தவேம்பூர்க்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தாள், தொட்டித் தண்ணீரில் கையை விட்டாள், யோசிக்காமல் பூ மேல் தெளித்தாள்.

ஊரே பதறியது. "ஏத்தா, என்னா காரியம் பண்ற! பூ ஆடுது!" "கனம் தாங்காதுக்கா, ஒடிஞ்சிரும்!" "ஆடு போன ஆத்திரமா?"

"அய்யய்யோ, கை தானா போச்சுய்யா!" என்று அங்கம்மா தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். "நான் வேணும்னா செஞ்சேன்?"

பாண்டிமீனாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. பூ ஆடி நிற்கிறவரைக்கும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள், நின்றதும் பார்த்தாள். மகரந்தத் தண்டின் நுனியில் ஒரு துளி தொங்கியது. துளிக்குள்ளே ஒரு களம் இருந்தது, தொட்டி இருந்தது, தார்ப்பாய் பிடித்த ஆட்கள் எறும்பாக இருந்தார்கள், எல்லாம் பூவுக்குப் பின்னால் இருப்பவைதான், எல்லாம் தலைகீழ், ஆனால் விளிம்பைத் தவிர எல்லாம் கூர்மை. பிள்ளையை நகத்துக்குள் அடக்க முடியாதென்று தவித்தாளே, இங்கே ஒரு துளி களத்தையே மடித்து மகரந்தத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. அவள் விரல் தானாக அழுத்தியது.

துளி விழுந்தது. களத்தில் "கீச்" என்றது. பொம்மி அந்த நேரம் துளியின் எல்லைக்கு வெளியே நகர்ந்திருந்தாள், உள்ளே அகப்பட்டது கோழிக்குஞ்சு. மஞ்சளாக, மூக்கும் முழியுமாக, ஒரு குறையில்லாமல் திரும்பி வந்தது, ஆனால் தலை தரையை உரச, கால் வானத்தை மிதிக்க, காற்றை உதைத்து உதைத்துத் தலைகீழாக நடந்து வந்தது. துளியின் ஓரத்தில் எறும்பாகத் தெரிந்தவர்கள் நல்லவேளை கலங்கிய விளிம்பில் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தலை மட்டும் கொஞ்சம் சுற்றியது.

எல்லோரும் குஞ்சைப் பார்த்தார்கள், எல்லோரும் பொம்மியை நினைத்தார்கள்.

"தலைகீழா வந்தாலும் வரட்டும்" என்றாள் பாண்டிமீனா. "கண்ணால பாத்துக்கிட்டாவது இருப்பேன்."

"ஏன் தலைகீழா வரணும்?" ராசாங்கம் எழுந்தான். "நாம தலைகீழா புடிப்போம். துளி நேராக்கிட்டுப் போகுது."

அவன் தொட்டிச் சுவர்மேல் ஏறி நின்றான். நின்றவனை அங்கம்மா இழுத்தாள். "டேய், நீயும் துளிக்குள்ள விழுந்தா நாளைக்கு நீ தலையால நடக்கணும்டா. மறைவு கட்டு."

மறைவுக்கு வெள்ளை வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, எல்லோருடைய கண்ணும் ராசாங்கத்தின் இடுப்புக்குப் போனது. அவன் கூச்சப்படவில்லை, வேட்டியை உருவிக் கொடுத்துவிட்டு அரைக்கால் டவுசரோடு நின்றான். வேட்டியை அவனுக்கு முன்னால் திரையாகக் கட்டி இரண்டு இடத்தில் கிழித்தார்கள், கிழிசல் வழியாக இரண்டு கை மட்டும் வெளியே வந்தது. அந்தக் கைகளுக்குள் பாண்டிமீனா கொலுசுச் சத்தத்தைத் தேடிப் பிடித்து, இது கணுக்கால், இது கணுக்கால் என்று தடவிக் கொடுத்தாள். அவன் மெல்லத் தூக்கினான். பச்சைக் கரைசல் கீழ்நோக்கித் தொங்கி, "ஊஞ்சல்! ஊஞ்சல்!" என்று குலுங்கிச் சிரித்தது.

குலுங்கினால் படம் போச்சு. ஊசிக்கண் துவாரத்துக்கு வெளிச்சம் சேர நேரமெடுக்கும், அதற்குள் ஒரு சிரிப்பு போதும், எல்லாம் கலங்கிவிடும். அதட்டினால் கேட்கிற பிள்ளையில்லை பொம்மி, கெஞ்சினால் அதைவிட மோசம். அவள் அசையாமல் நிற்பது ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான். யாராவது 'ஸ்டாச்சு' என்று சொல்லிவிட்டால் 'ரிலீஸ்' என்று கேட்கிற வரைக்கும் சிலையாக நிற்பாள். ஒருமுறை பாண்டிமீனா சொல்லிவிட்டு மறந்து, சோறு அடிப்பிடித்த வாசனைக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை அதே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, தெளிங்க" என்றாள் பாண்டிமீனா. "ஒரே துளி. நுனியில நிக்கணும்."

மார்க்கெட்டில் அங்கம்மாளின் கைக்கு ஒரு பேர் உண்டு, ஈரம் தெரியும், சொட்டு தெரியாது என்பார்கள். விரலை நனைத்தாள், உதறினாள், மறுபடி நனைத்தாள், பூவுக்கு மேலே மூச்சுவிடாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். விரல் நுனியிலிருந்து ஒரு துளி தண்டின் நுனிக்கு மாறியது, ஆடியது, நின்றது. இதழ்கள் அதற்குள் பாதி கூம்பிவிட்டன, இன்னும் கொஞ்சம் கூம்பினால் துளியையே மூடிக்கொள்ளும்.

பாண்டிமீனா லென்ஸைத் திருகவில்லை. திருகினால் கை ஆடும். கேமராவை நெஞ்சோடு அணைத்து, மண் மூட்டைமேல் முழங்கையை ஊன்றி, உடம்பை மட்டும் ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால் என்று சாய்த்தாள். மகரந்தம் தெளிந்தது, கலங்கியது, தெளிந்தது. துளிக்குள் கலங்கலாக வெள்ளை வேட்டியும், அதற்கு முன்னால் நேராக நிற்கிற பச்சைக் கரைசலும், அதன் காலடியில் இரண்டு கையும் வந்தன. துளியின் அடிப்பக்கம் தடித்துக்கொண்டு வந்தது. விழப் போகிறது.

"ஸ்டாச்சு!" என்றாள்.

சிரிப்பு நின்றது. பொம்மி மட்டுமில்லை, ஊரும் நின்றது. சேலை பிடித்தவர்கள், தாம்பாளம் பிடித்தவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள், வேலி மேல் அண்டா மூடியோடு இருந்தவர், நனைந்த விரலை நீட்டினபடியே அங்கம்மா, எல்லோரும் எந்தக் கோலத்தில் இருந்தார்களோ அந்தக் கோலத்தில் நின்றார்கள். கேமரா திறந்தது. வெளிச்சம் ஊசிக்கண் வழியாக நூல் நூலாக உள்ளே போனது. பாண்டிமீனாவின் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து, அதுவும் விழாமல் நின்றது. கேமரா மூடியது. துளி விழுந்தது.

அவள் படத்தைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கினாள்.

பொம்மி இருந்தாள். நிமிர்ந்து தரையில் நின்றாள். எது கூர்மையோ அதையே உலகம் எடுத்துக்கொண்டிருந்தது, முடியிழை முடியிழையாக, கண்ணிமை ஒவ்வொன்றாக, கவுன் விளிம்பில் பிரிந்த தையலோடு, இடது கன்னத்து மைப்பொட்டு இடது கன்னத்திலேயே, அதில் காலையில் பாண்டிமீனாவின் விரல் இழுத்த தடம்கூட. அப்படி ஒரு தெளிவை அவள் எந்தப் பூவிலும் பார்த்ததில்லை.

ஆனால் பொம்மி அசையவில்லை.

கண் சிமிட்டவில்லை. வாய் பாதி திறந்து, கை ஒன்று காற்றில் நீண்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றால் அதுவும் தெரியவில்லை. படம் மாதிரி இருந்தாள். படமாகவே வந்துவிட்டாளோ? ஊரைத் திரும்பிப் பார்த்தாள், ஊரும் அசையவில்லை. அவள் மண் மூட்டையைத் தாண்டி ஓடினாள், பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டாள், தொடக் கை நீட்டினாள், தொட்டால் காகிதமாக இருந்துவிடுமோ என்று கை நடுவிலேயே நின்றது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பொம்மியின் பாதி திறந்த வாயில், கீழுதடு மட்டும் மகரந்தத்தின் அளவுக்கு, சிரிப்பை அடக்க முடியாமல் துடித்தது.

"ரிலீஸ்" என்றாள் பாண்டிமீனா.

பொம்மி பொத்தென்று அவள் மேல் விழுந்தாள். ஊர் மொத்தமும் ஒரே மூச்சாக விட்டது, அந்தக் காற்றில் தார்ப்பாய்கள் படபடத்தன, செம்பருத்தி குடையாக மடங்கியது. "நான்தான் ஜெயிச்சேன்! அப்பா கைய ஆட்டிட்டாரு!" என்று பிள்ளை கத்தினாள். அவளை எங்கே தொட்டாலும் அங்கே அவள் இருந்தாள், பாண்டிமீனா தொட்டுக்கொண்டே இருந்தாள், பிள்ளைக்கே அலுத்துப்போகிற வரைக்கும்.

வேட்டி மறுநாள் செம்பருத்தி உதிர்ந்ததோடு போனது, காதுகுத்துச் சாம்பார் வாசனை மட்டும் களத்தில் நிற்கிறது. துளிக்குள் அகப்பட்ட ராசாங்கத்தின் இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து தலைகீழாகத் திரும்பிவிட்டன, இப்போது அவன் கும்பிட்டால் விரல் நுனி பூமியைப் பார்க்கும். சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, கிளைக்கு அடியிலிருக்கிற மொட்டை ஊரில் அவன் அளவுக்கு வேகமாகப் பறிக்கவும் ஆளில்லை. குஞ்சு வளர்ந்து கோழியாகித் தலைகீழாகவே முட்டை இடுகிறது, முட்டை மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும், பொறுக்க ஏணி வைத்திருக்கிறார்கள். பாண்டிமீனா இன்னமும் படம் எடுக்கிறாள், ஆனால் பொத்தானை அழுத்தும் முன்னால் பொம்மியை முதுகில் உப்புமூட்டை ஏற்றிக்கொள்கிறாள்.

அங்கம்மா தினமும் விடியற்காலை மொட்டுப் பறிக்கப் போகும் வழியில், ஊரில் மலர்ந்து கிடக்கிற பூ அத்தனைக்கும், நட்டம் என்று யாரும் பார்க்காத பூ அத்தனைக்கும் தண்ணீர் தெளிக்கிறாள். பிறகு ஒவ்வொரு துளியாகக் குனிந்து உள்ளே பார்க்கிறாள். பூ உதிர்ந்த பிறகு மீட்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். பக்கத்தில் எங்கோ மணிச்சத்தம் அவள் கூடவே நடக்கும்.

"என்ன மதினி, தெரியுதா?" என்று பாண்டிமீனா கேட்பாள்.

"தெரியும் தெரியும், எங்க போயிரும்" என்பாள் அங்கம்மா, துளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தலைகீழா வந்தாலும் வரட்டும்டி. ஏணி போட்டுக் கறந்துக்கிடுறேன்."